அகராதிப்படி நம்பத்தகாதவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. காலையில் முதல் டிரிப் கிளம்பும்போது ஒரு கும்பிடு, பெரிய நோட்டை நீட்டிக்கொண்டு யாராவது ஏறினால் இன்னொரு கும்பிடு. ஆகவே இந்தக் கதையை நான் ஏதோ உள்நோக்கத்தோடு சொல்வதாக யாரும் சண்டைக்குக் கிளம்பி வர வேண்டாம். நம்பிக்கை இல்லாதவர் என் மச்சான். அக்காவின் கணவர். நான் கண்டக்டராக இருக்கும் பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். அதற்காக அவர் மேடை ஏறிப் பேசியதும் இல்லை, யாருடைய சாமியையும் வம்புக்கு இழுத்ததும் இல்லை. "இல்லேன்னு தோணுது மாப்ள, அவ்வளவுதான்" என்பார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டு முடிக்கும் வரை வண்டியை நகர்த்தாமல் காத்திருப்பார். இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தைப் பற்றி எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும் இதுதான்.

அக்காவுக்கும் அவருக்கும் குழந்தை இல்லை. ஊர் ஓரத்திலிருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு சிறுமியைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவார்கள். முன்பல் விழுந்த வாயோடு அது மச்சானிடம் ஓயாமல் பேசும். அக்கா அதற்கென்று சின்னதாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டு, அதில் யாரையும் உட்கார விடாமல் காவல் இருந்தாள். என்னைக்கூட எழுப்பி விட்டாள். சிக்கல் என்னவென்றால், ஆறு வயது முடிந்த பிள்ளைகளை அந்தக் காப்பகத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், எங்கேயோ தூரத்திலிருக்கும் பெரிய விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். பாப்பாவுக்கு ஆறு முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

குழந்தைகள் நல அலுவலகத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சம்பளம் பார்த்தார்கள், வீட்டைப் பார்த்தார்கள், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார்கள், மச்சானின் நாக்கை நீட்டச் சொல்லி அதையும் பார்த்தார்கள். கடைசியாக அதிகாரி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார்.

"எந்தச் சாமி கும்பிடுறீங்க?"

"எதுவும் இல்லீங்க" என்றார் மச்சான்.

"எதுவும்னா?"

"நம்பிக்கை இல்லீங்க."

"அப்போ நாத்திகரா?"

அக்கா மேசைக்கு அடியில் மச்சானின் காலை மிதித்தாள். பின்னால் நின்றிருந்த எனக்கே தெரிந்தது. அந்த மனுஷனுக்கு மட்டும் தெரியவில்லை. "அப்படித்தான் சொல்வாங்கன்னு நினைக்கிறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அதிகாரி அம்மா எழுந்து அலமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் ஒரு தடிமனான புத்தகத்தைத் தூக்கி வந்தார். சொற்பொருள் வாரியம் வெளியிட்ட அகராதி. எச்சில் தொடாமல் பக்கம் புரட்டினார், அந்த அளவுக்கு மரியாதை. பிறகு உரக்க வாசித்தார்.

"நாத்திகர். கடவுள் இல்லை என்பவர். நம்பத்தகாதவர்."

புத்தகத்தை மூடினார்.

"நம்பத்தகாதவர் கையில குழந்தையக் குடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"நான் டிரைவருங்க" என்றார் மச்சான். "தினமும் பஸ் நிறைய ஜனம் என்னை நம்பித் தூங்கிக்கிட்டு வருது."

"அது போக்குவரத்துத் துறை. அவங்க என்ன அகராதி வச்சிருக்காங்களோ, எனக்குத் தெரியாது."

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "அந்தப் புள்ளைய ஏற்கனவே ஒரு குடும்பத்துக்குக் குடுத்தீங்களே மேடம், மூணே மாசத்துல திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்களாமே? அவங்கள எந்தப் பக்கத்தைப் பார்த்து நம்பினீங்க?"

அதிகாரி அம்மாவின் முகம் இளகிவிட்டது. "அடடா, எவ்வளவு பக்தியான குடும்பம் தெரியுமா! திருப்பி விட வந்தப்பக்கூட, அந்தக் குழந்தையை வாசல்ல நிறுத்தி, கண்ணை மூடி ஒரு பிரார்த்தனை பண்ணிட்டுத்தான் விட்டுட்டுப் போனாங்க. பார்த்துட்டு எங்க ஸ்டாஃப் எல்லாம் அழுதுட்டாங்க. நாங்க சொந்தமா எதையும் முடிவு பண்றதில்லம்மா, அதுதான் இந்த ஆபீஸோட பெருமை. நீங்க போய் அகராதியில அர்த்தத்தை மாத்திட்டு வாங்க, அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடறேன்."

வேறு யாராக இருந்தாலும் இது ஆளை விரட்டுவதற்காகச் சொன்னது என்று புரிந்துகொண்டு வேறு வழி பார்த்திருப்பார்கள். மச்சான் மறுநாளே லீவு போட்டுவிட்டு சொற்பொருள் வாரியத்துக்குக் கிளம்பினார். தனியாக விட்டால் என்னென்ன பேசுவாரோ என்று நானும் கூடப் போனேன்.

வாரியத்தில் எழுத்துக்கு ஒரு பிரிவு. வாசலில் இருந்தவர் எங்களை முதலில் ‘ங’ பிரிவுக்கு அனுப்பினார், அங்கேதான் கூட்டம் இருக்காது என்று. உண்மைதான். நாலு பேர், அவர்களுக்கு மேலே ஒரு உதவி இயக்குநர், பராமரிக்கச் சொற்கள்தான் அநேகமாக இல்லை. ஆனால் அத்தனை பேரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். "புதுசா சொல் எதுவும் வரலேன்னு வாராவாரம் அறிக்கை குடுக்கணுமே சார்" என்றார் உதவி இயக்குநர். "ஏன் வரலேன்னு விளக்கம் வேற கேக்கறாங்க. ரெண்டு ஆள் கூடுதலாக் கேட்டிருக்கோம்."

அவர் வழி சொல்லி நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது எங்கேயோ மணி அடித்தது. நடையில் இருந்த அத்தனை பேரும் சுவரோடு ஒட்டி நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள். வெல்வெட் மெத்தையில் ஒரு பழைய புத்தகத்தை வைத்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். நான் பழக்க தோஷத்தில் குனிந்துவிட்டேன். மச்சான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"தலையைக் குனியுங்க! முதல் பதிப்பு வருது!" என்று ஒருவர் சீறினார்.

"எங்கே போகுதுங்க?" என்று மச்சான் கேட்டார்.

"எங்கேயும் போகல. தினமும் ஒரு சுத்து சுத்தி வரும்."

ஒரு வழியாக ‘நா’ பிரிவின் தலைவரைப் பிடித்தோம். சாந்தமான மனிதர். மச்சான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார், பாதியில் தூங்கிவிட்டாரோ என்று நான் பயந்தேன்.

"அர்த்தத்தைச் சேர்க்கணும்னா சொல்லுங்க, இப்பவே சேர்க்கலாம்" என்றார் கண்ணைத் திறந்து. "எடுக்கறதுங்கறது பெரிய வார்த்தை. ஒரு அர்த்தம் உள்ள வந்துட்டா அது எங்க புள்ளை மாதிரி. பெத்த புள்ளையத் தூக்கி யாராவது வெளியில போடுவாங்களா?"

"நானும் ஒரு புள்ளைக்காகத்தாங்க வந்திருக்கேன்."

"அது ‘பி’ பிரிவு. மாடியில."

பேசிப் பேசி, கடைசியில் மனு கொடுக்கச் சொன்னார். மச்சான் அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினார். நாத்திகர் என்றால் நம்பத்தகாதவர் என்பது சரியில்லை, நாத்திகர் நம்பத்தகாதவர் என்று போட்டிருப்பதால் என் பாப்பா போய்விடுவாள், நாத்திகர் நம்பத்தகாதவர் என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று, பக்கம் பக்கமாக. அதே மனு பின்னால் என்ன வேலை செய்யப்போகிறது என்று தெரிந்திருந்தால் அப்போதே கிழித்துப் போட்டிருப்பேன்.

மூன்று வாரம் சத்தமே இல்லை. இடையில் ஒரு ஞாயிறு பாப்பா மச்சானிடம், "பெரிய ஹாஸ்டல்ல கட்டில் உண்டா?" என்று கேட்டிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அப்புறம் ஒருநாள் காலையில், கூட்டம் பிதுங்கும் நேரத்தில், வாரியத்தின் பயன்பாட்டு ஆய்வாளர்கள் இரண்டு பேர் எங்கள் பஸ்ஸில் ஏறினார்கள். ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை. டிக்கெட் கேட்டால் அடையாள அட்டையைக் காட்டினார்கள். சொல் புழங்கும் இடத்திலேயே அதைக் கவனிப்பது அவர்களது வழக்கமாம். இன்ஜின் பக்கத்தில் நின்று மச்சானின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாலத்தைத் தாண்டும்போது சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே பாய்ந்தான். மச்சான் பிரேக்கை அழுத்தி, "அட கடவுளே!" என்றார்.

நெட்டை ஆய்வாளர் பாய்ந்து எழுதிக்கொண்டார். "கூப்பிட்டாரு, பார்த்தீங்களா? நாத்திகர்னு சொல்லிக்கிறாரு, கடவுளைக் கூப்பிடுறாரு. சொல்லுல நிலைக்கமாட்டேங்கிறாரு."

"வாயில வர்றதுங்க" என்றார் மச்சான். "அய்யய்யோன்னு சொன்னா எந்த ஐயரைக் கூப்பிடுறேன்னு கேப்பீங்களா?"

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. குட்டை ஆய்வாளர் பயணிகள் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண வீட்டில் அறிவிப்பு செய்வது போல அறிவித்தார். "பொதுமக்களே! உங்க டிரைவர் ஒரு நாத்திகர். இந்தச் சொல்லைக் கேட்ட பிறகு, நீங்க இவரை நம்புறீங்களா?"

ஓடுகிற வண்டியில் ஒரு ஆள் எழுந்து நின்று டிரைவரை நம்புகிறீர்களா என்று கேட்டால் ஜனங்களுக்கு என்ன தோன்றும்? பின் சீட்டில் அரைத் தூக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "ஐயோ, பிரேக் புடிக்கலையாம்!" என்று கத்தினாள். அவ்வளவுதான். "நிறுத்து, நிறுத்து!" என்று ஒரே களேபரம். மச்சான் ஓரம் கட்டியதும் முன்னாலும் பின்னாலும் ஜன்னல் வழியாகவும் இறங்கினார்கள். ஒருத்தர் அடுத்தவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாதி வழியில் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார். காலி பஸ்ஸில் நாங்கள் நாலு பேர்.

குட்டை ஆய்வாளருக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. "என்னோட சர்வீஸ்ல இவ்வளவு தெளிவான ஆதாரம் கிடைச்சதில்ல" என்றார். "சொல்லைச் சொன்ன அடுத்த நொடி மொத்த பஸ்ஸும் நம்பிக்கை இழந்துடுச்சு!"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேர் கழுத்தையும் பிடித்துத் தள்ளியிருப்பேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு மாப்ள, விசாரணை வரும்ல, அங்க சொல்லிக்கலாம்" என்றார். விசாரணை என்ற சொல்லில் அவருக்கு இருந்த நம்பிக்கையைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருந்தது.

விசாரணை வந்தது, பாப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால். நீள மேசைக்குப் பின்னால் பன்னிரண்டு அறிஞர்கள். நடுவில் மெத்தை மேல் முதல் பதிப்பு. வாரியத் தலைவர் எழுந்து நின்றார். வீட்டில் தண்ணீர் கேட்கும்போதும் இந்த மாதிரித்தான் பேசுவாரோ என்னவோ.

"அவையோரே! இவ்வாரியம் எந்தச் சமயத்தின் பக்கமும் சாய்ந்ததில்லை. மக்கள் ஒரு சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்களோ, அதை அப்படியே பதிவு செய்வது ஒன்றே எங்கள் தொண்டு. நாங்கள் கண்ணாடி. முகம் நன்றாக இல்லை என்றால் கண்ணாடியைக் குறை சொல்லலாகாது. இந்தப் பொருளுக்கு என்ன ஆதாரம் என்று மனுதாரர் கேட்கிறார். பெருமையுடன் சொல்கிறேன். குழந்தைகள் நல அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் மறுப்பு ஆணைகள்! ‘நாத்திகர், எனவே நம்பத்தகாதவர்’ என்று அரசு முத்திரையோடு எழுதுகிறார்கள். இதைவிட உயர்ந்த ஆதாரம் உண்டா?"

மச்சான் கையைத் தூக்கினார். "அவங்க உங்க அகராதியைப் பார்த்துத்தாங்க அப்படி எழுதுறாங்க."

"அப்படியென்றால் அவர்கள் சரியாகத்தான் எழுதுகிறார்கள்."

"நீங்க அவங்களைப் பார்த்து எழுதுறீங்க."

"ஆகவே நாங்களும் சரியாகத்தான் எழுதுகிறோம்."

அறிஞர்கள் கை தட்டினார்கள்.

"இன்னும் கேளுங்கள்" என்றார் தலைவர். "ஆண்டுக்குப் பத்து ஆதாரம் இல்லாத பொருளை நீக்கிவிடுவது எங்கள் விதி. இந்த ஆண்டு ஏனோ நாத்திகர்கள் பிள்ளை கேட்டு அதிகம் வரவில்லை. நாலே ஆதாரம்தான் கிடைத்தது. இந்தப் பொருள் அடுத்த பதிப்பில் தானாகவே உதிர்ந்திருக்கும். நல்ல வேளையாக, தக்க தருணத்தில் உங்கள் மனு வந்தது. அதில் மட்டும் ‘நாத்திகர் நம்பத்தகாதவர்’ என்ற தொடர் பதினேழு இடங்களில் தெளிவாக வருகிறது. ஒரு சொல்லின் பொருளைக் காப்பாற்றிக் கொடுத்த உங்களுக்கு வாரியத்தின் சார்பில் நன்றி."

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சும்மா வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் அந்த வரி தானாகச் செத்திருக்கும்.

"ஐயா," மச்சானின் குரல் கெஞ்சியது, "அந்த வரி தப்புங்க. என் புள்ளை போயிடும்."

"தப்பா?" தலைவர் முதல் பதிப்பின் மேல் கையை வைத்தார். "நேராகவே கேட்கிறேன். நீங்கள் அகராதியை நம்புகிறீர்களா?"

இல்லை என்றால் தொலைந்தோம் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் என்றைக்கு ஜாடையைப் பார்த்தார்?

"சொல் எல்லாம் இருக்குங்க, அது சரி. அர்த்தம் எல்லாத்தையும் அப்படியே நம்பணும்னா, எனக்கு முடியலீங்க."

அறை அதிர்ந்தது. ஒரு கிழ அறிஞர் காதைப் பொத்திக்கொண்டார். ‘நா’ பிரிவின் தலைவர், அந்தச் சாந்தமான மனிதர், எழுந்து கத்தினார். "பாருங்க, இதையும் நம்பல!" உடனே தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த பதிப்பிலிருந்து அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: அகராதியை மறுப்பவர். ஒன்றை எடுக்கப் போய் ஒன்றைக் கூடச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அக்கா கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் விரிப்பைக் கீழே போட்டாள்.

"நாளைக்குப் போறீங்க" என்றாள். "சாமி கும்பிடுறேன்னு சொல்றீங்க."

"எப்படி..."

"வாயால. வேற எப்படி?"

"பொய் சொல்லி ஒரு புள்ளைக்கு அப்பனாகச் சொல்றியா?" என்றார் மச்சான்.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. "உங்க நேர்மைய இந்தக் கட்டில்ல போட்டுத் தாலாட்டுவீங்களா? அதுக்குப் பசிச்சா சோறு ஊட்டுவீங்களா? ஒரு தடவை வாசல்ல நிறுத்திப் பிரார்த்தனை பண்ணி விட்டுட்டுப் போயிருக்காங்க அந்தப் புள்ளைய. இப்ப நீங்க உண்மையைச் சொல்லி விட்டுட்டு வாங்க. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மச்சான் கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா அவரை எழுப்பி விடவில்லை.

மறுநாள் குழந்தைகள் நல அலுவலகத்தில் அவர் அதைச் சொன்னார். "எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டுங்க." நாலே சொல்லுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

அதிகாரி அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எப்ப வந்துச்சு?"

"போன வாரம்."

"எப்படி?"

"உங்க ஆபீஸுக்கும் வாரியத்துக்கும் நடந்துங்க."

"எனக்குத் தெரியும்!" அவர் கண் கலங்கிவிட்டது. "எத்தனை பேரை இந்த ஆபீஸ் வாசப்படி திருத்தியிருக்கு! இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கே, உறுதிமொழி எடுத்துடுங்க."

அட்டையில் எழுதியிருந்தது. எல்லாம் வல்ல இறைவன் மேல் ஆணையாக நான் சொல்வது அனைத்தும் உண்மை. மச்சான் வலது கையைத் தூக்கினார். வெள்ளம் புரண்ட பாலத்தில் வண்டி ஓட்டியபோது ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்த கை அது. நானே பார்த்திருக்கிறேன். இப்போது வெடவெடவென்று நடுங்கியது. குரல் பாதியில் உடைந்தது. இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னார்.

"பாருங்க, பாருங்க!" அதிகாரி அம்மா மற்ற ஊழியர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "இதுதான் பயபக்தி. பரம்பரை பரம்பரையா கும்பிடுறவங்களே இந்த உறுதிமொழியைக் கொட்டாவி விட்டுக்கிட்டுச் சொல்லுவாங்க. இப்படி நடுங்கி நான் பார்த்ததே இல்ல!"

முத்திரை குத்தினார்: நம்பத்தகுந்தவர். நான் மூலையில் நின்று என் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். யார் சார்பில் கேட்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

காப்பகத்து வாசலில் பாப்பா துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது. ஆயா வாங்கிக்கொள்ளக் கேட்டாள், தரவில்லை. அக்கா கேட்டாள், அவளுக்கும் தரவில்லை. மச்சான் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவீங்களா?" என்று கேட்டது.

"மாட்டேன்."

"சத்தியமா? சாமி மேல சத்தியம் பண்ணுங்க. அவங்களும் பண்ணாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு ஆணையைச் சொல்லி முடித்த வாய், இன்னொன்று சொன்னால் என்ன என்று எனக்கு இருந்தது. சொல்லித் தொலையுங்கள் மச்சான் என்று மனதுக்குள் கத்தினேன்.

அவர் தலையை ஆட்டினார். "சாமி மேல எல்லாம் வேணாம் கண்ணு. எனக்கு அது வராது. நான் சொல்றேன், மாட்டேன்."

பாப்பா அவர் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு பையை அவரிடம் நீட்டியது.